எந்த ஏடு மருத்துவ ஏடு?

தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். நமுனுகுலைப் பக்கமிருந்து இறங்கிய மழை ஸ்பிரிங்வெளிப் பாதையையே மறைத்திருந்தது. வெளியே போக வழியில்லாமையால் ஒவ்வொரு கொப்பியையும் வழமைக்கு மாறான பொறுமையோடு பார்த்தோம். அப்போது ஒரு கொப்பியின் உறை எம் கண்ணை நிறுத்தியது. செய்தித்தாள் உறையும் சீமெந்துப் பை உறையும் எமக்குப் பழக்கமானவை. இதுவோ சிவப்பும் நீலமுமாகக் கோடிட்ட தடித்த, மங்கிய தாள். திகதி, பெயர், லயத்தின் இலக்கம், வயது, நோய், மருந்து என ஆறு நிரல்கள். ஆண்டு 1974, மாதம் பெப்ரவரி. நோய் என்ற நிரலில் சாய்வான ஆங்கிலக் கையெழுத்தில் ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. தமிழில் அதனைப் 'பலவீனம்' எனலாம்.

மறுநாள் கொப்பிக்காரச் சிறுவனை அழைத்துக் கேட்டோம்.

"டிஸ்பென்சரியில இருந்து மாமா கொண்டாந்தது சேர். இன்னும் பெட்டி நெறையக் கெடக்கு. அடுப்புப் பத்தவைக்கத்தான் எடுக்கிறாங்க" என்றான்.

சனிக்கிழமை அன்று எம்முடன் கற்பிக்கும் நண்பரையும் அழைத்துக்கொண்டு போனோம். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம்; உவா மலைகளில் அதுபோன்றவை எத்தனையோ உண்டு. மருந்துச்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. கூரைத் தகரங்கள் கழற்றப்பட்டிருந்தன. மருந்துக் கலவை ஊற்றிக் கொடுத்த பலகைத் துளையின் கீழே, ஒரு தேயிலைப் பெட்டிக்குள், எலி கடித்தவை போக ஒன்பது பதிவேடுகள் எஞ்சியிருந்தன. காவற்காரர் மனமுவந்து கொடுத்தார். "இத வச்சு என்னங்க சேர் பண்ணப் போறீங்க?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று எம்மிடம் விடையில்லை.

ஒன்பது ஏடுகளையும் வாரக்கணக்கில் படித்தோம். படிக்கப் படிக்க இவை வெறும் மருந்துக் கணக்கு என்ற எண்ணம் அகன்றது. தோட்டத்து வாழ்வை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். மருந்து ஐயா எழுதிக் கொடுக்கும் துண்டில்தான் ஒரு பெண்ணுக்கு அன்று ஓய்வு உண்டா இல்லையா என்பது தங்கியிருந்தது. துண்டு இல்லையேல் பெரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். நில்லாவிட்டால் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. ஆகவே நோய் என்ற நிரலில் எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் தொழிலாளிக்கும் நிருவாகத்துக்கும் இடையே நடந்த ஒரு சிறு வழக்கின் தீர்ப்பாகும். சில இடங்களில் முதலில் எழுதிய நோய் வெட்டப்பட்டு வேறொன்று எழுதப்பட்டிருக்கிறது. வெட்டியது யார் கை என்று எம்மால் சொல்ல முடியவில்லை.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை நினைவில் வைத்திருப்போர் இன்னும் எம்மிடையே உள்ளனர். அரிசியும் கோதுமை மாவும் அருகிப்போய், மரவள்ளிக் கிழங்குக்கும் கீரைக்கும் அலைந்த காலம் அது. அவ்வாண்டுகளில் தோட்டப்புறங்களின் மரண வீதம் உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிவரங்களே மறைக்கவில்லை. எமது பதிவேட்டிலோ பலவீனம், இரத்தசோகை, வீக்கம், வயிற்றோட்டம் ஆகியவை பக்கம் பக்கமாக உள்ளன. பட்டினி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மருந்து ஐயாவைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நிரலில் அவர் நோயைத்தான் எழுத வேண்டும். பசியை நோயென்று எழுத அவருக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள்?

இன்னொரு குறிப்பையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சில பெயர்களுக்கு எதிரே 'இந்தியா' என்று மட்டும் எழுதியிருக்கிறது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்கள் இவர்கள். நீலகிரித் தேயிலைக் காடுகளில் இன்று வாழும் அவர்களது பேரப்பிள்ளைகளுக்குத் தம் பாட்டி இன்ன லயத்தில் இன்ன காய்ச்சலோடு கிடந்தாள் என்று சொல்லக்கூடிய தாள் உலகில் இது ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே, இவற்றைப் பாதுகாக்கத்தக்க இடம் பெரியதொரு ஆராய்ச்சி நூலகமே எனக் கருதி, மருத்துவ நூல்களைத் திரட்டும் ஒரு பெரிய நிலையத்துக்குக் கடிதம் எழுதினோம். ஒரு மாதத்துள் மறுமொழி வந்தது. பண்பான மறுமொழிதான். தமது சேகரிப்புக் கொள்கை அச்சிட்ட ஆராய்ச்சி இலக்கியத்தையே முதன்மையாகக் கொண்டது என்றும், தனிப்பட்ட மருந்துச்சாலைகளின் நாளாந்தப் பதிவுகள் அதன் எல்லைக்குள் அடங்கா என்றும், அவற்றின் சட்டபூர்வமான உரிமையாளர் யார் என்பதும் தெளிவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். முதலில் கோபம் வந்தது. பின்னர் அந்தக் கடைசி வாக்கியம் எம்மைச் சிந்திக்க வைத்தது. உண்மையில் உரிமையாளர் யார்? தோட்டம் கம்பனியின் கையில் இருந்தபோது எழுதத் தொடங்கிய ஏடு இது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குப் போயிற்று. ஏடோ இவற்றையெல்லாம் அறியாமல் தேயிலைப் பெட்டிக்குள் கிடந்தது. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரச ஆவணங்களைக் காக்கச் சொல்கிறது. அரசு நடத்திய தோட்டத்தில் இருமல் மருந்து வாங்கியவளின் பெயர் அரச ஆவணமா? எந்தச் சட்டத்தரணி இதற்குப் பதில் சொல்வார்!

அந்தக் கடிதத்தின் பயனாக, பெரிய நூலகங்கள் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று எவ்வாறு முடிவு செய்கின்றன என்பதைத் தேடிப் படித்தோம். அதுவரை எமது எண்ணம் மிக எளிமையானது: பெரிய நூலகம் எல்லாவற்றையும் சேர்க்கும், சிறிய வாசிகசாலை கிடைத்ததைச் சேர்க்கும். நிலைமை ஏறத்தாழ இதற்கு எதிரானது.

உலகின் மிகப் பெரிய மருத்துவ நூலகம் அமெரிக்காவில் பெதெஸ்டா என்னும் ஊரில் இருக்கிறது. 1836 இல் இராணுவத் தலைமை வைத்தியரின் அலுவலக அலுமாரியில் தொடங்கியது அது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்ற இராணுவ வைத்தியரின் பொறுப்பில் வந்தபோது அங்கு சில ஆயிரம் நூல்களே இருந்தன. 1895 இல் அவர் விலகியபோது அவை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன. பில்லிங்ஸ் அச்சிட்ட நூல்களோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எம்மைக் கவர்ந்தது. ஊர் ஊராக வைத்தியர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதி, ஆஸ்பத்திரி அறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் பட்டத்துக்கு எழுதிய சிற்றேடுகளையும் கேட்டு வாங்கினார். தம்மிடம் இரட்டிப்பாக இருந்தவற்றை மாற்றாகக் கொடுத்தார். 1879 இல் மருத்துவக் கட்டுரைகளின் மாதாந்த அட்டவணையையும், 1880 இல் நூலகப் பெரும் பட்டியலின் முதல் தொகுதியையும் வெளியிட்டார். 1956 இல்தான் அது இராணுவத்திடமிருந்து பிரிந்து தேசிய மருத்துவ நூலகம் என்ற பெயரைப் பெற்றது.

இன்று அந்த நூலகத்தில் தனியொருவரின் ஆர்வம் முடிவு செய்வதில்லை. எழுதி வைத்த கொள்கை ஒன்று உண்டு. மருத்துவத்தின் நடு மண்டபத்தில் உள்ளவற்றை, அதாவது உடற்கூறு, நோயியல், அறுவை, மருந்தியல் முதலியவற்றை, மொழி பாராது விரிவாகச் சேர்ப்பார்கள். திண்ணையில் உள்ளவற்றை ஆராய்ந்து பொறுக்குவார்கள். கால்நடை மருத்துவம், உணவும் போசாக்கும் போன்ற எல்லைப்புறத் துறைகளைக் காங்கிரஸ் நூலகம், தேசிய விவசாய நூலகம் ஆகியவற்றோடு உடன்படிக்கை செய்து பங்கிட்டுக்கொள்கிறார்கள். மாட்டின் நோய் மனிதனைத் தொற்றுமாயின் ஏடு ஓரிடத்துக்கு. மாட்டோடு நின்றால் வேறிடத்துக்கு. சஞ்சிகையொன்றை வாங்கி வைப்பது வேறு. அதன் கட்டுரைகளை அட்டவணையில் சேர்ப்பது வேறு. பின்னதற்கு வெளியிலிருந்து வரும் அறிஞர் குழுவொன்று கூடித் தரம் பார்க்கிறது. இவையெல்லாம் நியாயமானவையே. எவ்வளவு பெரிய கட்டிடத்துக்கும் சுவர் உண்டு. எழுதப்பட்ட கொள்கை கையில் இருந்தால், அதை எதிர்த்தாவது வாதாடலாம். தலைமை எழுதுவினைஞரின் முகக்குறிப்பே கொள்கையாயிருக்கும் காரியாலயங்களை அறிந்த எமக்கு அந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றவில்லை.

ஆனால் கொள்கை எழுதுபவரின் கண்ணில் எது மருத்துவம் என்பதுதான் கேள்வி. அந்த நூலகம் 1960 முதல் பேணிவரும் பொருட்தலைப்புப் பட்டியலில் பட்டினிக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, பசிக்கும் இருக்கிறது. எமது மருந்துச்சாலை ஏட்டில் அவை இரண்டும் இல்லை. ஆக, தலைப்பு ஒரு கண்டத்தில். அத்தலைப்பின் கீழ் வைக்கவேண்டிய தாள் இன்னொரு நாட்டில், பலவீனம் என்ற பொய்ப்பெயரோடு.

எமது மக்களின் உடலைப் பற்றிய ஏடுகள் உலக நூலகங்களில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறையவே உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்து வழியிலேயே மாண்டவர்களைப் பற்றித் துரைமாரும் தேசாதிபதிகளும் எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. 1872 இல் தோட்டங்களின் வைத்தியத் தேவைக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்ததும், அதற்குப் பணம் யார் தருவது என்று நடந்த இழுபறியும் அச்சில் உள்ளன. 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கினர். லயம் லயமாகப் புழு எண்ணெய் குடிக்கக் கொடுத்து, எத்தனை பேர் குடித்தார்கள் என்று எழுதி அனுப்பிய அறிக்கைகளை அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் சுவடிச்சாலையில் ஆய்வாளர் படிக்கின்றனர். கூலியின் இரத்தம் கெட்டால் கொழுந்து குறையும் என்ற கணக்கும் அந்த இயக்கத்தின் பின்னால் இருந்தது. அவ்வாறாக, எம்மை எண்ணியவர்களின் ஏடு மருத்துவ வரலாறாயிற்று. எண்ணப்பட்டவர்களின் பெயர் உள்ள ஏடு கொப்பிக்கு உறையாயிற்று.

மொழியின் கதை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்க மிசனரி வைத்தியரான சாமுவேல் பிஷ் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பிக்கவும் துணிந்தார். 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும் வெளிவந்தன. மாணவர்களோடு அமர்ந்து, ஆங்கில நூல்களைத் தமிழாக்கி, நரம்புக்கும் நாளத்துக்கும் பெயர் தேடியவர் அவர். கவிஞர் அம்பி அவரைப் பற்றி நூல் எழுதியிராவிட்டால் எம்மில் பலர் அப்பெயரையே அறிந்திருக்க மாட்டோம். மொழிபெயர்ப்பு என்றால் மூலநூல் இருந்தாற் போதும் என்று எண்ணும் நூலகர், இந்நூல்களை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார். அறிவியலுக்கு அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒரு மொழி அறுவைக் கத்தியைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு மூலநூலில் எப்படி இருக்கும்? தமிழில் மருத்துவம் படிக்க இயலாது என்று இன்றும் மேடையில் முழங்குவோர் அந்த ஏடுகளின் பக்கம் போவதேயில்லை. அது வேறு கதை.

இலண்டனில் மருந்து வியாபாரத்தால் பெருஞ்செல்வரான ஹென்றி வெல்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மருத்துவத்தோடு தொடர்புள்ள எதையும் வாங்கக் கீழ்த்திசைக்கு ஆட்களை அனுப்பினார். இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள் கப்பலேறின. சிங்கள ஓலைச்சுவடிகளும் அங்கு சேர்ந்தன. இன்று அவை குளிர்ந்த அறையில் கறையான் தொடாமல் இருக்கின்றன. இதற்காக மகிழ்வதா, வருந்துவதா என்று நாமும் நண்பரும் ஓர் இரவு முழுவதும் வாதாடினோம், முடிவு கிட்டவில்லை. மறுபுறம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா, எந்தக் கொள்கையும் எழுதி வைக்காமல், நாட்டு வைத்தியச் சிறுநூல்களையும் கலியாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் தம் வீட்டில் சேர்த்தார். அவர் 1992 இல் மறைந்த பின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல், சென்னையில் நூலகமாக நிறுவியது. பெரிய நூலகங்கள் குப்பை என்று தள்ளியிருக்கக்கூடிய காலணா வைத்தியப் புத்தகங்களை இன்று ஆராய்ச்சி மாணவர்கள் கையுறை அணிந்து புரட்டுகிறார்கள்.

காலணாப் புத்தகத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் மஞ்சளின் வழக்கை அறிந்திருக்க வேண்டும். புண்ணுக்கு மஞ்சள் பூசுவது தமது கண்டுபிடிப்பென்று 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தார் எதிர்த்து வாதாடி 1997 இல் அதனை ரத்துச் செய்வித்தனர். எம் பாட்டிமார் பூசினார்கள் என்ற சாட்சியத்துக்கு அங்கு மதிப்பில்லை. பழைய நூல்களையும், 1953 இல் இந்திய மருத்துவ ஏடொன்றில் வந்த கட்டுரையையும் காட்டிய பின்னரே வழக்கு நின்றது. எந்த நூலகனோ அலுமாரியில் இடமில்லை என்று அந்த ஏட்டைக் கழித்திருந்தால்?

இத்தனையும் படித்தபின், எமது ஒன்பது பதிவேடுகளைக் காப்பதில் எமக்கிருந்த உறுதி கூடியது. அப்போது எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு தடை வந்தது.

பெயர்களை உறுதி செய்துகொள்ள, கீழ் லயத்தில் இருக்கும் முதிய ஆச்சி ஒருவரிடம் போனோம். கொழுந்து பறித்துப் பறித்து விரல்கள் வளைந்து போனவர். 1974 ஆம் ஆண்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டினோம். தம் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பிறகு அடுத்த வரியையும் வாசிக்கச் சொன்னார். அது அவருடைய பெண்குழந்தையின் பெயர், வயது இரண்டு. அதற்குப் பின் எந்தப் பக்கத்திலும் அந்தப் பெயர் இல்லை.

"இதுல அவ பேரு இருக்கா சேர்? வேற எங்கயும் அவ பேரு கெடையாது. பொறந்த துண்டு கூட இல்ல" என்றார். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏட்ட எரிச்சிறாதீங்க. ஆனா நாங்க எதுக்கு மருந்து வாங்கினோம்னு கண்டவங்களும் படிக்க வேணாங்க. பொம்பளைங்க சீக்கெல்லாம் அதுல இருக்கு" என்றார்.

உண்மைதான். கருச்சிதைவும் மேகநோயும், அடிபட்ட காயமும், அடித்தவன் யாரென்ற குறிப்பும் அந்த ஏடுகளில் இருக்கின்றன. எழுதப்பட்டவர்களில் ஒருவரிடமும் அனுமதி கேட்டு எழுதியதல்ல. இதைப் பற்றியும் நூலகங்கள் விதி வகுத்திருப்பதைப் பின்னர் அறிந்தோம். நோயாளர் பதிவுகளை நூறாண்டு மூடி வைப்பது பிரித்தானியாவில் வழக்கம். அமெரிக்கச் சட்டம் ஒருவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை அவரது நோய்க் குறிப்பைக் காக்கிறது. சேர்ப்பதும் மூடிவைப்பதும் ஒரே கொள்கைக்குள் அடங்கும் என்பதை, ஆய்வு நூல் எதனையும் படித்திராத ஆச்சி எமக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உலகத்துக்குக் காட்டியே தீருவது என்று புறப்பட்ட எமக்கு அன்று வெட்கமாக இருந்தது.

ஒரே பெருங்கட்டிடத்தை நம்பியிருப்பதன் ஆபத்தையும் இந்த நாட்டில் எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தீவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. 2005 இல் தொடங்கிய எண்ம நூலகமான 'நூலகம்' ஈழத்து நூல்களைப் படியெடுத்துப் பலரிடத்தே பரப்பி வைப்பது அந்த நெருப்பின் நினைவோடுதான். மலையகத்தின் ஏடுகளுக்கும் அங்கே இடமுண்டு.

ஆகவே இப்போது நாம் செய்வது இது. பதிவேடுகள் ஒன்பதும் வேப்பிலையும் பூச்சி உருண்டையும் இட்டு, நண்பர் வீட்டு மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் இருவருமாக அமர்ந்து, பெயர்களையும் லய இலக்கங்களையும் விட்டுவிட்டு, மாதம், வயது, ஆண் பெண், நோய், மருந்து என்பவற்றை மட்டும் வேறொரு கொப்பியில் பெயர்த்து எழுதுகிறோம். அந்தக் கொப்பியை எவருக்கும் கொடுப்போம். மூல ஏடுகளை யார் கேட்டாலும் முதலில் கீழ் லயத்தாரைக் கேட்டுத்தான் பதில் சொல்வோம் என்று ஆச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். தமது மகளின் பெயர் உள்ள பக்கத்தைப் படமெடுத்துத் தரும்படி ஆச்சி கேட்டார். பதுளையில் சட்டமிட்டுக் கொடுத்தோம். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மற்றவர்களின் பெயர்கள் தெரியாதபடி மேலும் கீழும் வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னதும் அவரே.

இரண்டு பதிவேடுகள் முடிந்தன. மூன்றாவது 1974 ஆம் ஆண்டுக்குரியது. அதில் 'பலவீனம்' என்று வருமிடத்தில் எமது கொப்பியில் என்ன எழுதுவது என்பதில் நண்பருக்கும் எமக்கும் கருத்து வேறுபாடு. உள்ளபடியே எழுத வேண்டும் என்கிறார் அவர். நாம் இன்னும் சம்மதிக்கவில்லை.